அக்கா பார்க்காத கப்பல்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து காற்றடித்த வாழை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இல்லாமல் ஒரு பக்கம்கூட என்னால் எழுத முடியாது. தப்பு வரும் இடத்தில் படிக்கிறவர்களே சரியான எழுத்தைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கூடியிருந்தால் எனக்குப் பேச்சு வராது. ஒருவரிடம் தனியாகச் சொல்லவேண்டியதைக்கூட என்னால் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் மாமா வேலை பார்த்த கப்பலைப் பற்றியது இது. மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். எங்கள் ஊர் சுருளிப்பட்டிக்குப் பக்கம். இங்கே பட்டாளத்துக்குப் போனவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். கடற்படைக்குப் போனவர் மாமா ஒருவர்தான். எங்களுக்கு மூன்று பக்கமும் மலை. கடலைப் பார்க்கவேண்டுமென்றால் எந்தத் திசையில் போனாலும் அரை நாள் ஆகும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போய், தன் சர்வீஸில் பெரும்பகுதியை ஒரே போர்க்கப்பலில் கழித்துவிட்டு வந்தார்.

பீரங்கி, துப்பாக்கி எல்லாம் கப்பலின் மேலே இருந்தன. மாமாவுக்கு அங்கே வேலை இல்லை. அது நீராவியில் ஓடும் பழைய காலத்துக் கப்பல். மாமா கீழே, கடலின் தண்ணீர் மட்டத்துக்கும் கீழே, பாய்லர் ரூமில் இருந்தார். எண்ணெய் எரிந்து தண்ணீர் கொதிக்கும். ஒரு கண்ணாடிக் குழாயில் அந்தத் தண்ணீரின் மட்டம் தெரியும். அது இறங்கினாலும் ஆபத்து, ஏறினாலும் ஆபத்து. சட்டை தொப்பலாக நனைய அதையே பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. அந்த இரைச்சலில் மாமாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. வீட்டில் அவர் பேசினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அக்கா முணுமுணுப்பாகப் பதில் சொல்வாள். அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில் அவள் நிறையவே சொல்வாள்.

மாமா கப்பலை 'அவ' என்றுதான் சொல்வார். கடற்படையில் எல்லோரும் அப்படித்தானாம். "அவ எந்த அலைக்கும் அசர மாட்டா" என்பார். "அந்த வருசம் அவளுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சாக" என்பார். ஊர்ப் பெண்கள் விடுவார்களா? குழாயடியில் அக்காவைப் பார்த்தால் உன் சக்களத்தி சௌக்கியமா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அக்காவும் சளைக்க மாட்டாள்.

"அவளுக்கென்ன, என்னயவிடக் குண்டா இருக்கா, பொகையும் விடுறா. இருந்தும் இவுக அவகிட்டத்தான் மயங்கிக் கெடக்காக."

சிரிப்புக்குச் சொன்னதுதான். ஆனால் அக்காவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. தன் வீட்டுக்காரரை வருஷத்துக்குப் பதினோரு மாதம் வைத்துக்கொண்ட அந்தக் கப்பலை ஒருமுறை கண்ணால் பார்க்கவேண்டும். நகை கேட்டவள் இல்லை, திருப்பதிக்குக் கூட்டிப்போகச் சொன்னவள் இல்லை. "ஒருக்கா அவளப் பாத்துப்புடணும்" என்பதுதான் அவள் கேட்டது. கல்யாணமான புதிதில் கேட்க ஆரம்பித்தாள்.

அங்கே குடும்பத்தோடு இருக்க வீடு கொடுப்பார்கள். ஆனால் மாமாவின் அப்பா படுக்கையில் விழுந்திருந்தார். திராட்சைத் தோட்டத்தையும் பார்க்க ஆள் வேண்டும். அக்கா இங்கேயே இருந்துவிட்டாள். ஒருமுறை மட்டும் மாமாவின் லீவு முடிந்து திரும்பும்போது கூடவே கிளம்பி, பெட்டியோடு மதுரை ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டாள். ரயில் வருவதற்குள் மாமனாருக்கு மூச்சு முட்டுகிறது என்று தகவல் வந்தது. மாமா ரயிலில் ஏறினார். அக்கா கம்பம் பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்தாள். மாமனார் அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். அதைச் சொல்லி அக்கா யாரையும் குத்திப் பேசியதில்லை. ஆனால் மதுரைக்கு எதற்காகப் போனாலும் ஸ்டேஷன் பக்கம் போகாமல் வருவாள்.

மாமா பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்த பிறகும் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஆட்கள் அந்தக் கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமாவும் நானும் திராட்சையில் பாடுபட்டோம். அக்கா கேட்கும்போதெல்லாம், கொடியை வெட்டிவிடுகிற இந்தக் கவாத்து முடியட்டும், இந்தக் காய் இறங்கட்டும் என்பார். திராட்சையில் ஒன்று முடியும்போது அடுத்தது நிற்கும். எங்கள் பள்ளத்தாக்கில் கொடி வெறுமனே கிடக்கிற நாள் குறைவு.

பிறகு ஒரு நாள் கப்பலுக்கு ஓய்வு கொடுக்கப்போகிறார்கள் என்று மாமாவின் போனுக்குச் செய்தி வந்தது. பழைய கப்பல்காரர்கள் சேர்ந்து வைத்திருந்த வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டிருந்தார்கள். மாமா அன்றைக்கு மருந்து அடிக்க வரவில்லை. தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தார். ஓய்வு கொடுக்கிற அன்று சூரியன் மறையும்போது கப்பலின் கொடியைக் கடைசியாக இறக்குவார்களாம். நீளமான வால் கொடி ஒன்றும் பறக்குமாம். அதற்குப் பழைய ஆட்களையும் வீட்டுக்காரிகளோடு கூப்பிட்டிருந்தார்கள். அக்கா உடனே பட்டுச்சேலையை எடுத்து வெயிலில் உலர்த்தினாள்.

மாமாதான் வேண்டாம் என்றார். அவர் சொன்ன காரணத்தை இன்றைக்கு நினைத்தாலும் என்னால் அவரைக் கோபிக்க முடியவில்லை.

"அன்னிக்கு மேல் தளத்துல சேர் போட்டு உக்கார வப்பாக. நீ கடைசி வரிசையில உக்காந்து கொடி எறங்குறதப் பாத்துட்டு வந்துருவ. கீழ விட மாட்டாக. நான் நின்ன எடத்தப் பாக்காம அவளப் பாத்து என்ன பிரயோஜனம்? அவளக் கரையில நிறுத்தி மியூசியம் ஆக்கப் போறாகளாம். அதுக்கப்புறம் எங்க போகப் போறா? டிக்கெட் எடுத்துட்டு நிதானமா உள்ள போவோம். பாய்லர் ரூம் வரைக்கும் கூட்டிட்டுப் போயி ஒவ்வொண்ணாக் காட்டுறேன்."

அப்போதும் போவோம், இப்போதும் போவோம் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். வியாபாரி காய் வெட்ட நாள் சொல்லியிருந்தான். மேற்கே மேகமும் கட்டியிருந்தது. பழத்தில் மழை விழுந்தால் வெடித்துவிடும். அக்கா சேலையை மடித்து உள்ளே வைத்தாள். கொடி இறங்கிய படத்தை மாமா போனில் காட்டியபோது, வால் கொடி அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

மியூசியம் வந்தபாடில்லை. கப்பல் துறைமுகத்தில் ஒரு ஓரமாகக் கட்டிக் கிடந்தது. இன்று வரும், அடுத்த வருஷம் வரும் என்று குரூப்பில் எழுதுவார்கள். பிறகு கடற்கரையில் இடம் கிடைக்கவில்லை என்றார்கள். பிறகு அவ்வளவு செலவு செய்ய யாரும் முன்வரவில்லை என்றார்கள். உடைக்க விற்றுவிடுவார்கள் என்று ஒருவர் எழுத, வாயைக் கழுவு என்று இன்னொருவர் எழுதினார். மாமா அதையெல்லாம் சத்தமாகப் படிப்பார். அக்கா கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தப் பங்குனியில்தான் அக்கா அம்மனுக்கு நேர்ந்தாள். கப்பலை உடைக்காமல் கரையில் நிறுத்தவேண்டும், அதற்காகத் தீச்சட்டி எடுக்கிறேன் என்று. காரியம் நடந்த பிறகு எடுப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா முன்னாலேயே எடுத்துவிடுகிறேன் என்றாள். முதலில் கொடுத்துவிட்டால் ஆத்தா தட்ட மாட்டாள் என்பது அவள் கணக்கு. பூசாரி எங்களைவிட இளையவன், எங்களுக்குச் சொந்தம்தான். என்ன வேண்டுதல் என்று கேட்டான். அக்கா சொன்னதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏக்கா, சக்களத்திக்குத் தீச்சட்டி எடுக்குற பொம்பளய நான் இப்பத்தான் பாக்குறேன்."

"நீ சட்டியில நெருப்பப் போடு. யாருக்குன்னு ஆத்தாளுக்குத் தெரியும்."

எங்கள் ஊரில் திருவிழாவுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை சாமி சாட்டி, திருவிழாவை அறிவிப்பார்கள். அன்றைக்கு நேர்ந்துகொண்டவர்களின் மணிக்கட்டில் மஞ்சள் துணியால் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டியவர்கள் அடுத்த செவ்வாய் பொங்கல் முடிந்து அதை அவிழ்க்கும் வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தாண்டியவருக்கு மட்டும் இல்லை, ஊருக்கே ஆகாது என்று நம்பிக்கை. காப்போடு எல்லை தாண்டியவர் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. அக்காவுக்குக் காப்புக் கட்டினார்கள்.

மறுநாள் காலையில் செய்தி வந்தது. கப்பலை விற்றாயிற்று. உடைக்கிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகப்போகிறார்கள். அதற்கு முன்னால் இரண்டு நாள் பழைய ஆட்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம், வீட்டாரையும் கூட்டி வரலாம். கப்பல் நிற்கும் ஊர் வடக்கே இரண்டு நாள் ரயில் பயணம். அன்றைக்கே கிளம்பினால்தான் போய்ச் சேர முடியும்.

மாமா போனைக் கையில் பிடித்துக்கொண்டே கோயிலுக்கு நடந்தார். நானும் அக்காவும் பின்னால் போனோம். பந்தக்கால் பக்கத்தில் பூசாரி வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தான். காப்பை அவிழ்த்துவிடு என்று மாமா கேட்டார். அவர் குரலுக்கு அங்கே நின்றிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பூசாரி எழுந்து நின்றான். அவனுக்கும் சங்கடம்தான்.

"கட்டுறது நானு மச்சான். அவுக்கணும்னா ஆத்தா உத்தரவு வேணும். பொங்க வைக்காம நான் கை வச்சா, நாளைக்கு ஊருல ஒரு புள்ளைக்குக் காய்ச்சல்னாலும் அக்கா பேருதான் வரும்."

"ரெண்டு நாளுதான்டா அங்கன நிப்பா. அப்புறம் துண்டு துண்டா வெட்டிப்புடுவாக."

வேறு ஒருத்தி கையில் மாற்றிக் கட்டலாமா என்று ஒரு பெரியம்மா கேட்டார். நேர்ந்தவள்தான் எடுக்கவேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். ஆளுக்கு ஒன்று பேசினார்கள். அக்கா தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாமாவின் கையைப் பிடித்து இழுத்து, அவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். அவள் அப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"விடுங்க. ஆத்தா காப்ப அவுத்துட்டுப் போயி அவளப் பாத்தா அது நல்ல பார்வையா இருக்காது. நீங்க போங்க. தம்பியக் கூட்டிட்டுப் போங்க. ஏலே, நீ எனக்காகப் பாத்துட்டு வரணும். ஒண்ணு விடாமப் பாக்கணும்."

"நீயில்லாம நான் எதுக்குப் போகணும்?"

"இத்தன வருசம் நானில்லாமத்தான அவகூட இருந்தீக."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாமாவும் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

அக்கா புளிச்சோறு கட்டிக்கொடுத்தாள். கிளம்பும்போது ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை என் சட்டைப் பையில் வைத்தாள். உள்ளே அம்மன் கோயில் குங்குமம். "அவளுக்கு வச்சுவிடு" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கம் வழியனுப்பும்போதும் வைப்பார்கள், தாலியோடு கட்டுக்கழுத்தியாகப் போய்ச் சேர்ந்தவளுக்கும் வைப்பார்கள். எல்லைக்கல் வரைக்கும் எங்களோடு வந்தாள். கல்லுக்கு அந்தப் பக்கம் நாங்கள் பஸ்ஸுக்கு நின்றோம், இந்தப் பக்கம் அவள் நின்றாள். பேசுகிற தூரம்தான். பஸ் கிளம்பும் வரைக்கும் கல்லைத் தாண்டாமல் நின்றாள்.

ரயிலில் மாமா நிறையப் பேசினார். முதல் கதவு, இரண்டாம் கதவு, ஏணி என்று பாய்லர் ரூமுக்கு இறங்குகிற வழியை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். போய் இறங்கியதும் எங்கே நின்று எதைப் பார்க்கவேண்டும் என்று பாடம் மாதிரி சொன்னார். அக்காவிடம் தப்பில்லாமல் சொல்லவேண்டும் என்று நானும் மனதில் ஏற்றிக்கொண்டேன்.

துறைமுக வாசலில் எங்கள் போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாதாம். அக்காவுக்குப் போனில் காட்டலாம் என்று நினைத்திருந்தேன். இனி என் கண்ணும் வாயும்தான். வாய் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

பழைய ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். தொப்பையும் நரையுமாக, சிலர் மனைவியோடு, சிலர் பேரன் பேத்தியோடு. மாமாவோடு பாய்லர் ரூமில் இருந்த மலையாளி ஒருவர் ஓடி வந்து கட்டிக்கொண்டார். ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை பார்த்த பழக்கத்தில் எனக்கும் மலையாளம் புரியும். உன் பெண்டாட்டி எங்கே, கூட்டி வருவேன் கூட்டி வருவேன் என்று அந்தக் காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாயே என்று அவர் கேட்டார். மாமாவுக்குக் கேட்கவில்லையா, கேட்டும் விட்டுவிட்டாரா, தெரியவில்லை.

கப்பல் பெரிதாக இருந்தது. நான் படத்தில் பார்த்தது வேறு, நேரில் பார்த்தது வேறு. படத்தில் அது சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று, மேலே கம்பமும் கம்பியுமாக நிற்கும். நேரில் பீரங்கிகளைக் கழற்றிவிட்டிருந்தார்கள். அவை இருந்த இடத்தில் வட்ட வட்டமாக ஓட்டை. பக்கவாட்டில் இருந்த நம்பரைப் பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள். சங்கிலி தொங்கும் இடங்களிலிருந்து துரு கோடு கோடாக வழிந்திருந்தது. மேல் தளத்தில் நடக்கிற இடமெல்லாம் பறவை எச்சம். அறுத்துவிட்ட வயர்கள் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மற்றவர்கள் இங்கேதான் அது இருந்தது, இங்கேதான் இது இருந்தது என்று பேசிக்கொண்டு நடந்தார்கள்.

மாமா ஏறியதும் ஒரு சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். கரையில் கட்டிக் கிடக்கும்போதுகூட கப்பலின் உடம்பில் ஒரு அதிர்வு இருக்குமாம். எங்கேயாவது ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருக்குமாம். காது போன பிறகும் கையில் தெரியும் என்றார். இப்போது தெரியவில்லை.

நேராகக் கீழே இறங்குகிற வழிக்குப் போனார். அங்கே சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. உடைக்க வாங்கியவர்களின் காவலாள் ஒருவன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கீழே கரண்டு இல்லை, காற்று கெட்டுப்போயிருக்கிறது, அடியில் தண்ணீர் வேறு ஏறியிருக்கிறது, யாரையும் விடக்கூடாது என்று உத்தரவு என்றான். தெருக்கோடிக்குக் கேட்கப் பேசுகிற மாமா அவனிடம் மெல்லிய குரலில் இந்தியில் கேட்டார். டார்ச் இருக்கிறது என்றார். ஏணியின் அடி வரைக்கும் போய்விட்டு உடனே ஏறிவிடுகிறேன் என்றார். அவன் தலையை ஆட்டினான். மரியாதையாகத்தான் ஆட்டினான். மாமா மறுபடி கேட்டார். மலையாளி நண்பர் வந்து அவர் தோளைப் பிடித்து, "போட்டெடா" என்றார். போகட்டும் விடு என்று அர்த்தம்.

நாங்கள் பிறகு ஒரு இரும்புக் கட்டையில் உட்கார்ந்தோம். எதிரே ஒரு வயதான அம்மா, யாருடைய மனைவியோ, செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு தளம் முழுக்க வெறுங்காலோடு நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொடி எறக்குன அன்னிக்கே கூட்டி வந்திருந்தா, இதையாவது நடந்து பாத்திருப்பா மாப்ள. கீழ காட்டணும் கீழ காட்டணும்னு மேல இருந்ததையும் காட்டாமப் போயிட்டேன்."

நான் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

இறங்குகிற நேரம் வந்தபோது பொட்டலம் நினைவுக்கு வந்தது. சுற்றிலும் ஆட்கள். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. எல்லோரும் இறங்கட்டும் என்று செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து நின்றேன். கடைசி ஆளும் போன பிறகு, ஏறுகிற பலகையின் பக்கத்தில், கப்பலின் இரும்பில் குங்குமத்தைத் தொட்டு வைத்தேன். துருவின் நிறமும் குங்குமத்தின் நிறமும் ஒன்றாக இருந்தன. வைத்த இடம் எனக்கே தெரியவில்லை. இன்னும் ஒருமுறை வைத்துவிட்டு இறங்கினேன்.

நாங்கள் ஊர் திரும்பியபோது திருவிழா முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தீச்சட்டி எடுத்துவிட்டாள். கப்பல் விலை போய்விட்டது தெரிந்தும் எடுத்தாள். நேர்ந்தது நேர்ந்ததுதான் என்று சொன்னாளாம். காப்பு அவிழ்த்த மணிக்கட்டில் மஞ்சள் கறை இருந்தது. எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். எப்படி இருந்தாள் என்று கேட்டாள்.

"பெருசா இருந்துச்சுக்கா" என்றேன்.

"எம்புட்டுப் பெருசு?"

"நல்லாப் பெருசு."

"அப்புறம்?"

ரயிலில் மனதில் ஏற்றிய பாடம் எல்லாம் பூட்டிய ஏணிக்குக் கீழே இருந்தது. மேலே பார்த்ததைச் சொல்லலாம் என்றால், பறவை எச்சத்தையும் அறுத்த வயரையும் எப்படிச் சொல்வது? கொஞ்சம் துருப்பிடித்திருந்தது என்றேன். ஆட்கள் நிறைய வந்திருந்தார்கள் என்றேன்.

"ஒன்னய அனுப்புனதுக்கு நம்ம கன்னுக்குட்டிய அனுப்பியிருந்தா, அது வந்து நாலு சத்தமாவது குடுத்திருக்கும்" என்றாள். பிறகு, "பொட்டு வச்சியா?" என்று கேட்டாள். வைத்தேன் என்றேன். எங்கே என்று கேட்டாள். ஏறுகிற இடத்தில் என்றேன். அது ஒன்றுதான் அவளுக்கு நான் ஒழுங்காகச் சொன்ன பதில்.

மாமா கப்பலைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். உடைக்கிற இடத்திலிருந்து யாரோ குரூப்பில் படம் போட்டார்கள். மூக்குப் பக்கத்தை அறுத்ததில் உள்ளே அறை அறையாகத் தேன்கூடு மாதிரி தெரிந்தது. மாமா அந்தக் குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டார். அக்காவும் சக்களத்தி என்ற வார்த்தையை எடுக்கவில்லை. குழாயடியில் யாராவது ஆரம்பித்தால் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

ஆவணியில் கவாத்து முடிந்திருந்தது. வெட்டிய குச்சிகள் திராட்சைப் பந்தலுக்கு அடியில் குவிந்து கிடந்தன. அக்கா எங்களுக்குச் சோறு கொண்டுவந்தாள். சாப்பிட்ட பிறகு மாமா எழுந்து, குச்சிகளை எடுத்துத் தரையில் வரிசையாக வைக்க ஆரம்பித்தார். இங்கே ஒரு கோடு, அங்கே ஒரு கோடு. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். வைத்து முடித்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"வா புள்ள. இது மொதக் கதவு. உள்ள வந்து மூடு. இத மூடுனாத்தான் அடுத்தது தொறக்கணும்."

அக்கா என்னைப் பார்த்தாள். எழுந்து போய், இல்லாத கதவைக் கையால் இழுத்து மூடினாள்.

"காது அடைக்குதா?"

"அடைக்குது" என்றாள்.

"உள்ள காத்த அமுக்கி வச்சிருப்பாக, அதான். இது ரெண்டாங் கதவு. தலையக் குனி, மேல இரும்பு."

எங்கள் பந்தல் தாழ்வானது. அக்கா குனிந்தாள். இது என்ன, அது என்ன என்று கேட்டுக்கொண்டே அவர் பின்னால் போனாள். சூடு எப்படி இருக்கும் என்று கேட்டாள். வியர்வையைத் துடைக்கத் துண்டை எங்கே மாட்டுவீர்கள் என்று கேட்டாள். என்னிடம் இதையெல்லாம் கேட்கவேண்டும் என்றுதான் அவள் அன்றைக்கு எதிரே வந்து உட்கார்ந்திருப்பாள். மாமா ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னார். அவர் குரல் அடுத்த தோட்டம் வரைக்கும் போனது.

"இங்கன ஏணி. நேராக் குத்துனாப்ல நிக்கும். பின்னாடி காலு வச்சுத்தான் எறங்கணும். எறங்கிட்டியா? இப்படித் திரும்புனா என் பாய்லர்."

இடது பக்கம் திரும்பினார். நின்றார். வலது பக்கம் திரும்பினார். மறுபடி ஏணி இருக்கும் இடத்துக்குப் போய், முதுகைக் காட்டி, ஒவ்வொரு படியாக இறங்குகிற மாதிரி காலைப் பின்னால் வைத்துப் பார்த்தார். சமதரையில் கால் இறங்கவில்லை. திரும்பவும் முதல் கதவிலிருந்து வந்து பார்த்தார். குச்சிகளைக் காலால் தள்ளி இடம் மாற்றிப் பார்த்தார்.

"எறங்குனா காலு தானாத் திரும்பும்" என்றார். "யோசிச்சுத் திரும்புனதே இல்ல. ஒரு தடவ எறங்குனாத் தெரிஞ்சிரும்."

"எந்தப் பக்கமா இருந்தா என்னங்க. இந்தப் பக்கம்னே வச்சுக்கிருவோம். காட்டுங்க" என்றாள் அக்கா.

மாமாவுக்குக் கேட்டிருக்கும். அவள் நன்றாகச் சத்தமாகத்தான் சொன்னாள். ஆனால் அவர் ஏணியின் அடியிலேயே, இரண்டு பக்கமும் கையை லேசாக நீட்டிக்கொண்டு நின்றார். அக்கா அவருக்குப் பின்னால் பந்தலுக்கு அடியில் குனிந்தபடி காத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாய்ச்சுகிற மோட்டாரை நிறுத்தவேண்டிய நேரம் ஆகிவிட்டது. நான் எழுந்து போனேன். நிறுத்திவிட்டு வந்தபோதும் இருவரும் அப்படியே நின்றார்கள்.

ஐப்பசி மாதம் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை.